மூச்சும் துருத்தியும்

ஒருவர் இறந்துவிட்டார் என்பதை நம் ஊரவர் "மூச்சு நின்றுவிட்டது" என்றே சொல்வர். உணவின்றிச் சில வாரங்கள் உயிர் தரித்திருக்கலாம். நீரின்றிச் சில நாள்கள் தரித்திருக்கலாம். காற்றின்றியோ சில நிமிடங்களுக்கு மேல் தரித்திருத்தல் அரிது. ஆகவே, மூச்சு ஓய்ந்தவர் நெஞ்சிலே மீண்டும் காற்றைச் செலுத்தி அவரைப் பிழைக்கச் செய்யலாமா என்னும் கேள்வி மருத்துவத்தில் மிகப் பழையதாயிருப்பதில் வியப்பில்லை. நேயர்களே, அக்கேள்வியின் ஒரு பகுதியே இன்றைய பேச்சின் பொருள். நோயினாலோ காயத்தினாலோ சுருங்கி மூடிக்கொண்ட சுவாசப்பையை இயந்திரத்தின் துணைகொண்டு மீண்டும் விரிப்பதற்கு மனிதர் செய்த முயற்சிகளையும், அம்முயற்சிகளில் அவர்கள் கற்றுக்கொண்ட பாடங்களையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சுவாசப்பை என்னும் பெயரைக் கேட்போர் அது தோற்பை போன்ற வெறும் பையென்று எண்ணக்கூடும். உண்மையில் அது கடற்பஞ்சினை ஒத்தது. வாதனாளி என்னும் காற்றுக்குழல் மரம் கிளைப்பதுபோலக் கிளைத்துக் கிளைத்து, முடிவில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய சிற்றறைகளில் சென்று முடிகின்றது. ஒவ்வொரு சிற்றறையின் சுவரிலும் குருதி நுண்குழாய்கள் வலைபோற் படர்ந்துள்ளன. காற்றிலுள்ள ஒட்சிசன் குருதியிற் கலப்பதும், குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் அச்சுவரின் வழியாகவே. சிற்றறை திறந்திருந்தால் இக்கொடுக்கல் வாங்கல் நடைபெறும். அது மூடிக்கொண்டாலோ, அதனைச் சூழ்ந்து ஓடும் குருதி ஒட்சிசனைப் பெறாமலே இருதயத்துக்குத் திரும்பிவிடும். சந்தைக்குச் சென்ற வண்டி கடை பூட்டியிருக்கக் கண்டு வெறுமையாய் மீள்வது போன்றது இது. மூடிய அறைகள் மிகுந்தால், தூய ஒட்சிசனையே மூக்கிற் செலுத்தினாலும் நோயாளியின் உடல் நீலம் பாரிக்கும். மூடிய கதவுக்கு வெளியே எவ்வளவு பொருள் குவிந்திருந்தும் பயன் இல்லை அன்றோ?

வெளியிலிருந்து காற்றைச் செலுத்தி விலங்கொன்றின் உயிரைக் காக்கலாம் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தவர் உடற்கூற்றியலின் தந்தையெனப் போற்றப்படும் வெசாலியசு. 1543ஆம் ஆண்டில் வெளியான தமது பெருநூலிலே, விலங்கின் வாதனாளியில் ஒரு துளையிட்டு, நாணற்குழல் ஒன்றைச் செருகி, அதன்வழி ஊதினால் சுவாசப்பை எழும்பும் என்றும், ஓயப்போகும் இருதயம் மீண்டும் வலிமை பெறும் என்றும் அவர் விளக்கினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1667ஆம் ஆண்டில், இலண்டன் ரோயல் கழகத்தாரின் முன்னிலையில் றொபேட் ஹூக் என்பார் நாயொன்றின் நெஞ்சைத் திறந்து, சுவாசப்பையிற் சிறு துளைகள் இட்டு, துருத்தியினாற் காற்றை இடைவிடாது செலுத்திக் காட்டினார். சுவாசப்பை அசையாது விரிந்தபடியே இருந்தும் நாய் உயிரோடிருந்தது. உயிரைக் காப்பது நெஞ்சின் அசைவன்று, உட்செல்லும் புதிய காற்றே என்பது அன்று நிறுவப்பட்டது.

கொல்லனின் உலைக்களத்தில் நெருப்பை வளர்த்த துருத்தி, இவ்வாறு மருத்துவரின் கைக்கு வந்தது. நீரில் மூழ்கியோரைப் பிழைப்பிக்கும் நோக்கத்துடன் 1774ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. துருத்தியினாற் காற்றூட்டுதல் அக்காலத்து உயிர்மீட்பு முறைகளுள் ஒன்றாயிற்று. யோன் ஹன்ரர் என்னும் புகழ்பெற்ற அறுவை வைத்தியர் 1776ஆம் ஆண்டில் இதனை வற்புறுத்தி எழுதினார். ஆனால் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றபின் பிரான்சிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. லெறுவா என்னும் வைத்தியர், 1820களின் இறுதியில், துருத்தியாற் சடுதியாகவும் வன்மையாகவும் காற்றூதினால் சுவாசப்பை கிழிந்து, காற்று நெஞ்சறைக்குட் கசிந்து, விலங்குகள் இறந்துபடுவதைப் பரிசோதனையால் எடுத்துக்காட்டினார். பிழைப்பிக்க வந்த கருவியே கொல்லவும் வல்லது என்று கண்டபின் துருத்தி மதிப்பிழந்தது. இந்த எச்சரிக்கையை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அதே எச்சரிக்கை வேறு வடிவில் மீண்டும் எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

காற்றை உள்ளே தள்ளுதல் ஆபத்தானால், உடலை வெளியிலிருந்து இழுத்து விரிக்கலாகாதா? இவ்வெண்ணத்தின் பயனே "இரும்புச் சுவாசப்பை" எனப்பட்ட பொறி. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிறிங்கர், லூயி சோ என்னும் இருவர் இதனை ஆக்கினர். நோயாளியின் தலை மாத்திரம் வெளியே இருக்க, உடல் முழுவதும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடைக்கப்படும். பெட்டிக்குள் உள்ள காற்றின் அமுக்கத்தைக் குறைத்தால் நெஞ்சு விரிந்து, வெளிக்காற்று வாய்வழியே உட்புகும். அமுக்கத்தை மீளச் செய்தால் நெஞ்சு ஒடுங்கும். இளம்பிள்ளை வாதத்தினாற் சுவாசத் தசைகள் செயலிழந்த சிறுவர் பலரை இப்பொறி காத்தது. ஆயினும், விழுங்கும் ஆற்றலையும் இழந்தவர்களுக்கு அது போதிய துணையாகவில்லை. உமிழ்நீரும் சளியும் காற்றுக்குழலில் இறங்கி வழியை அடைக்க, பெட்டிக்குள் இருந்தபடியே அவர்கள் மூச்சுத் திணறி இறந்தனர்.

இந்நிலையிலேதான் 1952ஆம் ஆண்டு வந்தது. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்கேகனில் அவ்வாண்டுக் கோடையில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. தொற்றுநோயாளரை ஏற்கும் பிளெக்டம் வைத்தியசாலைக்கு, நோய் உச்சநிலையை அடைந்தபோது, ஒரு நாளில் ஐம்பது பேர் வரையிற் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்த இரும்புச் சுவாசப்பையோ ஒன்றே. நெஞ்சுக்கவசப் பொறிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் அவற்றினாற் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். மருத்துவமனைத் தலைவரான பேராசிரியர் லாசன் செய்வதறியாது நின்றார். இளைய வைத்தியர் ஒருவரின் தூண்டுதலால், அறுவைச் சாலையில் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரான பியோன் இப்சன் என்பவரை அவர் ஆலோசனைக்கு அழைத்தார். தொற்றுநோய் வைத்தியத்திலே மயக்க மருந்து வைத்தியருக்கு வேலை என்ன என்று பலர் எண்ணியிருக்கக்கூடிய காலம் அது.

இறந்தவர்களின் குருதியிற் காபனீரொட்சைட்டின் அளவு உயர்ந்திருந்தது. மற்றையோர் அதனை இனந்தெரியாத காரமிகுதி நோயென்று கருதினர். இப்சன் அவ்வாறு கருதவில்லை. போதிய மூச்சு இன்மையால் அந்த வாயு வெளியேறாது தேங்கியதே அதன் பொருள் என்றார். 1952 ஓகத்து 27ஆம் நாள், 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் தமது முறையைச் செய்துகாட்ட அவருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவளுடைய கைகால்கள் செயலிழந்திருந்தன. இடப்பக்கச் சுவாசப்பை சுருங்கியிருந்தது. உடல் நீலம் பாரித்திருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழலொன்றைப் பொருத்தினர். இப்சன் அக்குழலுடன் இறப்பர்ப் பையொன்றை இணைத்து அழுத்தினார். சிறுமியோ திணறித் திமிறினாள், காற்று உட்செல்லவில்லை. முயற்சி வீணாயிற்று என்று சூழநின்ற வைத்தியர் சிலர் அகன்றனர். இப்சன் மயக்க மருந்து செலுத்தினார். அவள் உடல் தளர்ந்தது, பையிலிருந்த காற்று நெஞ்சினுள் இறங்கியது, சளி உறிஞ்சி எடுக்கப்பட்டது, நீலம் மறைந்தது. அச்சிறுமி அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஆனால் ஒரு பையை ஒரு கை அழுத்தினால் ஓர் உயிர் பிழைக்கும். எழுபது உயிர்களுக்கு இரவும் பகலும் யார் கைகொடுப்பது? அக்காலத்தில் இதற்கெனப் பொறி இல்லை. ஆகவே கோப்பன்கேகன் நகரின் மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கட்டிலருகே அமர்ந்து, மாதக்கணக்காக, மொத்தம் 1,65,000 மணிநேரம் தம் கைகளாலே காற்றூட்டினர். பை அழுத்தும் மாணவனின் முகத்தைப் பார்த்தபடியே கிடந்தனர், பேசவும் இயலாத சிறுவர்கள். பத்துக்கு ஏறத்தாழ ஒன்பதாயிருந்த இறப்பு, நான்கிற்கு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. இரண்டாயிரம் ஆண்டு மருத்துவ வரலாற்றிலே இத்துணைப் பேர் கூடி இவ்வளவு எளிய கருவிகொண்டு இவ்வளவு உயிர்களைக் காத்த நிகழ்ச்சிகள் மிகச் சிலவேயாம். மறு ஆண்டிலே இப்சன், இத்தகைய நோயாளர்களை ஒருங்கே வைத்துப் பேணும் தனிப்பிரிவை அந்நகரில் அமைத்தார். இன்று நம் பெரிய வைத்தியசாலைகளிற் காணும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் தோற்றம் அதுவே. மாணவர்களின் கைகள் செய்த வேலையைச் செய்யும் பொறிகளும் விரைவில் வந்தன. சுவீடன் நாட்டு எங்ஸ்ற்றோம் ஆக்கிய பொறி அவற்றுள் முன்னின்றது. வெளியிலிருந்து இழுக்கும் முறை பின்தள்ளப்பட்டு, பழைய துருத்தியின் முறை புதிய உருவில் அரங்கேறியது.

இளம்பிள்ளை வாத நோயாளரிடம் பழுதுபட்டது பெரும்பாலும் தசையே. சுவாசப்பையே சுருங்கி மூடிக்கொள்ளும் நோய்களில் என் செய்வது? அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர்ச் சுவாசப்பையின் ஒரு பகுதி சுருங்கிப்போதல் உண்டு என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பாஸ்ரர் 1908ஆம் ஆண்டிலேயே விரித்துரைத்திருந்தார். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் பெண்டிக்சனும் அவர் துணைவர்களும் இதற்கு மேலும் ஒரு விளக்கம் கண்டனர். மயக்க மருந்தின்கீழ் இருப்பவருக்குப் பொறி ஒரே அளவான சிறு மூச்சுகளைத் தந்துகொண்டிருந்தால், குருதியின் ஒட்சிசன் மெல்ல மெல்லக் குறைகின்றது. இடையிலே சில ஆழ்ந்த மூச்சுகளைச் செலுத்தினால் அது மீண்டும் உயர்கின்றது. நாம் இயல்பாகவே இடைக்கிடை பெருமூச்சு விடுகின்றோம். அது துயரத்தின் அடையாளம் மாத்திரம் அன்று. மூடத் தொடங்கிய சிற்றறைகளைத் திறந்துவிடும் உடலின் ஏற்பாடுமாகும். பெருமூச்சு விடத் தெரியாத பொறிக்கு அதனைக் கற்பித்தவர்கள் இவர்கள்.

சிற்றறைகள் ஏன் மூடுகின்றன என்னும் வினாவுக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1929ஆம் ஆண்டில் நெயர்காட் என்பார், சுவாசப்பையைக் காற்றினால் விரிப்பதைவிட நீர்மத்தால் நிரப்பி விரிப்பது எளிது என்று கண்டார். சிற்றறையின் உட்சுவரை ஈரப்படலம் ஒன்று மூடியுள்ளது. அதன் பரப்பிழுவிசை அறையை ஒடுக்கப் பார்க்கின்றது. அவ்விசையைத் தணிக்கும் வழுவழுப்பான பொருள் ஒன்றைச் சுவாசப்பை தானே சுரக்கின்றது என்பதை 1950களிற் பற்றில், கிளெமென்ஸ் ஆகியோர் தெளிவாக்கினர். குறைமாதத்திற் பிறந்து மூச்சுத்திணறி இறக்கும் குழந்தைகளிடம் அப்பொருள் குறைவு என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரே மீட்டும் 1959ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும் அறிவு கிடைத்த உடனே மருந்து கிடைத்துவிடுவதில்லை. 1963 ஓகத்தில் அமெரிக்கச் சனாதிபதி கெனடியின் ஆண் குழந்தை குறைமாதத்திற் பிறந்து, இந்நோயினாலேயே இரண்டு நாள் நிறைவதற்குள் இறந்தது. உலகின் பெருவல்லரசின் தலைவராலும் தம் குழந்தையின் சிற்றறைகளைத் திறந்துவைக்க இயலவில்லை.

அதைத் திறந்துவைக்கும் வழி எட்டாண்டுகளில் வந்தது. 1971ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கிறெகரியும் குழுவினரும், மூச்சு முழுவதும் வெளியேறிவிடாதபடி காற்றுவழியில் இடைவிடாத சிறு அமுக்கம் ஒன்றை நிலைநிறுத்தினர். இந்நோய்கொண்ட 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தனர். குறைபட்ட பொருளையே சுவாசப்பைக்குட் செலுத்தும் மருத்துவத்தை யப்பான் நாட்டுப் புஜிவாரா 1980ஆம் ஆண்டில் வெற்றியோடு செய்துகாட்டினார். இவ்விரண்டும் இன்று உலகெங்கும் சிசுக்களைக் காத்து வருகின்றன.

வளர்ந்தோரின் கதை இவ்வளவு இனிதாக முடியவில்லை. 1967ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலிருந்து ஆஷ்பா, பெற்றி முதலியோர் 12 நோயாளரைப் பற்றி எழுதினர். சிலர் விபத்திற் காயமுற்றோர். சிலர் தொற்றுநோய் கண்டோர். காரணங்கள் வேறாயினும் முடிவு ஒன்றே: ஓரிரு நாள்களுள் மூச்சுத் திணறல் மிகுந்தது, சுவாசப்பை விறைத்தது, ஒட்சிசனுக்குக் குருதி இணங்கவில்லை. அவர்களுள் 7 பேர் இறந்தனர். இறந்தோரின் சுவாசப்பைகள் காற்றிழந்து, நீர்கோத்து, ஈரல்போலக் கனத்திருந்தன. எங்ஸ்ற்றோம் பொறியிலே, மூச்சு வெளியேறும் முடிவில் ஓரளவு அமுக்கத்தை எஞ்சவைக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. அதனைப் பயன்படுத்தியபோது நோயாளரின் ஒட்சிசன் உயர்ந்தது. திறந்த சிற்றறை மீண்டும் மூடிவிடாமற் கதவிடுக்கில் வைக்கும் ஆப்புப் போன்றது அந்த இறுதியமுக்கம். மருத்துவர் இன்று கடுஞ்சுவாச இடர் என்று வழங்கும் நோய்க்கு அன்றே இலக்கணம் வகுக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஊதற்பந்து ஒன்றை ஊதுபவருக்கு முதல் ஊதலே கடினம். ஓரளவு விரிந்தபின் ஊதுதல் எளிது. சுவாசப்பையும் அத்தன்மையது. மூடியதைத் திறப்பதற்குப் பெரிய அமுக்கம் தேவை. திறந்ததைக் காப்பதற்கு அதனிலும் சிறிய அமுக்கம் போதும். எனவே சில விநாடிகள் உயர்ந்த அமுக்கத்தைச் செலுத்தி மூடிய அறைகளைத் திறந்துவிட்டு, பின்னர் மிதமான இறுதியமுக்கத்தால் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பிறந்தது. படைக்கு ஆள் திரட்டுதலைக் குறிக்கும் சொல்லையே ஆங்கில மருத்துவர் இதற்குப் பெயராக இட்டனர். வேலையின்றிக் கிடக்கும் சிற்றறைகளை மீண்டும் வேலைக்கு அழைத்தல் என்பது கருத்து. 1992ஆம் ஆண்டில் றொட்டர்டாம் நகரின் லாக்மன், சுவாசப்பையைத் திறவுங்கள், திறந்ததைத் திறந்தபடியே வையுங்கள் என்னும் பொருள்படத் தலையங்கம் எழுதினார். அது அக்காலத்து மருத்துவரிடையே ஒரு முழக்கமாயிற்று.

முழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சுவீடனில் றொதன், ஹெடன்ஸ்ரியேர்னா ஆகியோர், மயக்க மருந்து பெற்ற நலமான சுவாசப்பையினரைக் கணினிக் கதிர்ப்படத்தால் ஆராய்ந்தனர். 40 சென்ரிமீற்றர் நீருயரத்துக்கு ஒப்பான அமுக்கத்தைச் சில விநாடிகள் நிறுத்தினால் சுருங்கிய பகுதிகள் முற்றாய்த் திறப்பதைப் படத்திலேயே காட்டினர். 1998ஆம் ஆண்டில் பிரேசிலைச் சேர்ந்த அமாற்றோவின் குழுவினர், கடுஞ்சுவாச இடர் கண்ட 53 பேரிடம், சிறு மூச்சுகளையும் திறப்பு முறையையும் உயர்ந்த இறுதியமுக்கத்தையும் ஒருங்கே கையாண்டனர். 28 நாள்களில் இறந்தோர் பழைய முறையில் நூற்றுக்கு 71. புதிய முறையில் 38. நம்பிக்கை பெருகிற்று.

ஆயினும் மறுபுறத்தில் லெறுவாவின் எச்சரிக்கையும் மெல்ல உயிர்பெற்று வந்தது. 1974ஆம் ஆண்டில் வெப், ரியேர்ணி என்னும் இருவர், நலமான எலிகளுக்குப் பொறியால் மிகை அமுக்கத்திற் காற்றூட்டியபோது, ஒரு மணிநேரத்துக்குள்ளேயே அவற்றின் சுவாசப்பைகள் நீர்கோத்துச் சிதைவதைக் கண்டனர். இத்தாலியின் கற்றினோனி, 1980களில் நோயாளரைக் கணினிக் கதிர்ப்படத்தில் நோக்கி, வியப்பான ஓர் உண்மையை உரைத்தார். நோயுற்ற சுவாசப்பை முழுவதும் ஒரே சீராக விறைத்ததன்று. மல்லாந்து கிடப்பவரின் முதுகுப் பக்கம் தன் கனத்தாலேயே நசுங்கி மூடியிருக்க, மார்புப் பக்கத்திற் சிறு பகுதியே காற்றேற்றுத் திறந்திருந்தது. அப்பகுதியின் அளவு ஐந்தாறு வயதுக் குழந்தையின் சுவாசப்பைக்கு ஒப்பாகும். வளர்ந்தவருக்கு உரிய காற்று முழுவதையும் அக்குழந்தைப் பங்கினுள் திணித்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளரிடம் நடந்த ஆய்வு இதனை ஐயமற நிறுவியது. நோயாளியின் உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் வீதம் மூச்சுத் தந்த பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். 6 மில்லிலீற்றர் வீதம் தந்த பிரிவில் 31 பேர் இறந்தனர். இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதற் சில நாள்களில் குருதியின் ஒட்சிசன் நன்கு உயர்ந்திருந்தது பெருமூச்சுப் பெற்ற பிரிவிலேயாம். கட்டிலருகே நின்று கருவியின் எண்ணை மாத்திரம் பார்த்த வைத்தியர், இறப்பு மிகுதியான முறையையே சிறந்ததென்று தேர்ந்திருப்பார். கண்ணுக்குத் தெரிந்த நன்மையும் முடிவில் விளைந்த நன்மையும் வேறு வேறாயின.

இருப்பினும் திறப்பு முறையின்மேல் வைத்த நம்பிக்கை குறையவில்லை. உலகின் பல வைத்தியசாலைகளில் அது கையாளப்பட்டது. சில நிமிடங்களில் ஒட்சிசன் உயர்வதைக் கண்ணாரக் கண்ட வைத்தியர் அதனை எங்ஙனம் ஐயுறுவர்? எனினும், முன்பு அதனை ஆர்வத்தோடு வளர்த்த பிரேசில் நாட்டிலிருந்தே அதனைச் சோதிக்கும் பேராய்வும் எழுந்தது. ஒன்பது நாடுகளில் 120 சிகிச்சைப் பிரிவுகளிலே, கடுஞ்சுவாச இடர் மிகுந்த 1,010 நோயாளர் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையால் ஒரு பாதியினர்க்கு அமுக்கத்தைப் படிப்படியாய் உயர்த்திச் சுவாசப்பையைத் திறக்கும் முறையும் உயர்ந்த இறுதியமுக்கமும், மறு பாதியினர்க்கு மிதமான முறையும் அளிக்கப்பட்டன. இடையில் சிலருக்கு இருதயம் நின்றதனால் உச்ச அமுக்கம் குறைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. 28 நாள்களில் இறந்தோர், மிதமான முறையில் நூற்றுக்கு 49.3, திறப்பு முறையில் 55.3. ஒட்சிசன் உயர்ந்தது உண்மை. ஆனால் நூறு பேரில் ஆறு பேர் மிகுதியாய் இறந்ததும் உண்மை.

காரணம் யாது? உயர் அமுக்கம் எல்லாச் சிற்றறைகளுக்கும் ஒருங்கே செல்வது. ஆனால் அது எளிதில் விரியத்தக்க திறந்த அறைகளையே முதலில் விரிக்கும். மூடியவற்றுட் சில திறக்கும். நீரும் அழற்சியும் நிறைந்தவை திறக்கமாட்டா. திறவாத கதவைத் தள்ளும் வன்மை, திறந்துள்ள கதவுகளின் கீல்களை உடைக்கின்றது. அன்றியும், நெஞ்சுக்குள் அமுக்கம் மிகுந்தால் இருதயத்துக்குத் திரும்பும் குருதி தடைப்பட்டு, குருதியமுக்கம் வீழ்கின்றது. நோயாளிக்கு நோயாளி திறக்கத்தக்க பங்கு பெரிதும் வேறுபடும் என்பதனை 2006ஆம் ஆண்டிலேயே கற்றினோனி 68 பேரின் படங்களைக் கொண்டு காட்டியிருந்தார். எல்லார்க்கும் ஒரே திறவுகோல் பொருந்தாது. 2023ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தீவிர சிகிச்சைச் சங்கத்தார் வெளியிட்ட வழிகாட்டி, உயர் அமுக்கத்தை நெடுநேரம் நிறுத்தும் திறப்பு முறையைக் கைக்கொள்ளற்க என்று கூறிவிட்டது. மயக்க மருந்தின்போது நலமான சுவாசப்பையைச் சில விநாடிகள் மிதமாக விரித்தல் வேறு. நோயால் நைந்த சுவாசப்பையை வலிந்து விரித்தல் வேறு.

வன்மையால் திறவாத கதவு மென்மையால் திறந்த கதை ஒன்றும் உண்டு. மல்லாந்து கிடப்பதால் முதுகுப் பக்கம் நசுங்குமாயின், நோயாளியைக் குப்புறக் கிடத்தலாகாதா? 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீல், பிறவுன் என்னும் இருவர் 5 நோயாளரை அவ்வாறு கிடத்தி, ஒட்சிசன் உயர்ந்ததை எழுதினர். நெடுங்காலம் அது ஐயத்துக்கு இடமாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கெரேன் தலைமையில், கடுமையான நோய்கொண்ட 466 பேரிடம் நடந்த ஆய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. சிறு மூச்சுகளோடு நாளொன்றுக்கு 16 மணிநேரமேனும் குப்புறக் கிடத்தப்பட்டோரில் 28 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 16. மல்லாந்தே கிடந்தோரில் 33. அமுக்கத்தைக் கூட்டாமலே, கனத்தின் திசையை மாற்றியதாற் சிற்றறைகள் திறந்தன. விரிவு எங்கும் சீராயிற்று. 2020ஆம் ஆண்டிற் கொரோனாக் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது, பல நாட்டு வைத்தியசாலைகளில் நோயாளர் வரிசையாகக் குப்புறக் கிடத்தப்பட்ட காட்சியைப் படங்களிற் கண்டவர்கள், அதன் பின்னணியில் இந்த நீண்ட வரலாறு இருந்ததை அறிந்திருக்கமாட்டார்கள். குழாய்களும் கம்பிகளும் பொருத்திய ஒருவரைப் பத்திரமாய்ப் புரட்டுவதற்கு நான்கைந்து பேர் ஒரே வேளையில் கைகொடுத்தல் வேண்டும். கோப்பன்கேகன் மாணவர்களுக்குப் பின்னர், மீண்டும் மனிதக் கைகளே வேண்டப்பட்டன.

நேயர்களே, இவ்வரலாற்றிலே பொறிகளின் வளர்ச்சியைக் காட்டிலும் கருதத்தக்கது வேறொன்று. சுருங்கியதை விரிக்கவேண்டும் என்னும் எண்ணம் தவறானதன்று. அதனை எவ்வளவு விரைவில், எவ்வளவு வன்மையோடு, யாரிடம் செய்வது என்பதிலேயே நன்மையும் தீமையும் பிரிந்தன. உடனே தெரியும் பயனைக் கண்டு மகிழ்ந்து நில்லாமல், நோயாளி இறுதியில் வீடு திரும்பினாரா என்று கேட்டவர்களே உண்மையைக் கண்டனர். அவர்களுட் பலர், தாம் நெடுநாள் நம்பிக் கையாண்ட முறையையே சோதனைக்கு உட்படுத்தி, எதிரான விடை கிடைத்தபோது அதனை ஒளியாமல் உலகுக்கு உரைத்தவர்கள். மருந்தொன்றைக் கண்டுபிடித்தலினும் இது அரிய செயல்.

நம்மவர் ஒருவர் சுவாசப் பொறியோடு படுத்திருக்கும்போது, பொறி மெல்லவே ஊதுகின்றதே, இன்னும் பலமாக ஊதினால் விரைவிற் குணமாகாரோ என்று உறவினர் ஏங்குதல் இயல்பு. அம்மென்மை கவனக்குறைவன்று, பலருடைய உழைப்பினாலும், பிழைக்காது போன பலருடைய உயிரினாலும் பெற்ற அறிவு அது. உலையிலே நெருப்பு வளர்க்கும் கொல்லனும் துருத்தியை அளவறிந்தே மிதிப்பான். உயிரை வளர்க்கும் துருத்திக்கு அந்த அளவறிதல் இன்னும் பன்மடங்கு வேண்டற்பாலது.